118-ஆம் பக்கத்தை என் கணவர் ஒரு தடவை படிக்க வேண்டும்

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 213
(விண்ணப்ப எண் 212-இன் மனைவி, மருத்துவமனைத் துணி அறையில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்),
மூன்றாம் மாடி, 14-ஆம் எண் வீடு,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம்.

பெறுநர்:
தலைமைக் காப்பாளர் அவர்கள்,
குடிவரவுப் பதிவேட்டுக் காப்பகம்.

பொருள்: குடிவரவுப் பதிவேட்டின் 118-ஆம் பக்கத்துக்கு இட்ட முத்திரையை நீக்கி, என் கணவருக்குக் கண் தெரியும்போதே அதை நேரில் காட்டும்படி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் இருவரின் விண்ணப்பங்கள். 2. தங்கள் அலுவலகத்தின் மறுப்புக் கடிதம். 3. பதில் வராத எங்கள் நினைவூட்டுக் கடிதங்கள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

கோபப்பட்டு எழுத மாட்டேன் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அதையும் மீறி எங்காவது சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாய் அப்படி. விஷயத்தில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

1. நானும் என் கணவரும் இங்கேயே பிறந்தவர்கள். அவருடைய தந்தையும் என்னுடைய தாயும் கப்பலில் வந்தவர்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று இருவருமே கண் மூடும்வரை வாய் திறக்கவில்லை. என் மாமனாரைக் கேட்டால், "ஊரு பேரு தெரிஞ்சு என்ன பண்ணப் போற, பஸ் பிடிச்சுப் போகவா போற?" என்று செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். என் தாய் அந்த அளவுகூடப் பேச மாட்டார். "தண்ணிக்கு அந்தப் பக்கம்" என்பதோடு சரி. பிறகு ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விடுவார், அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரமாக இருந்தாலும்.

2. எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் வாரத்தில் தொடங்கிய ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. யார் வீட்டு ஆள் முதலில் இந்தக் கரையில் கால் வைத்தது என்பதுதான் அந்த வழக்கு. "எங்கப்பா இறங்கி வந்து கயிறு பிடிச்சதாலதான் உங்கம்மா வந்த கப்பலே கரையில நின்னுச்சு" என்பார். "ஆமா, எங்கம்மா வந்து அடுப்பு பத்த வச்சதாலதான் உங்கப்பாவுக்குச் சோறு கிடைச்சுச்சு" என்பேன் நான். சாப்பாட்டு வேளையில் இது இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்றுதான் சென்ற ஜூன் மாதம் தங்கள் அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் ஆளுக்கொரு விண்ணப்பம் கொடுத்தோம். குடும்பமாக ஒரே விண்ணப்பம் போட்டிருந்தால் எந்தச் சிக்கலும் வந்திருக்காது என்று ஜன்னலில் இருந்த எழுத்தர் பிற்பாடு சொன்னார். போட்டிக்குப் போய்த் தனித்தனியாகப் போட்டது எங்கள் தப்பு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

3. பதினோரு வாரம் கழித்து, பதிவேட்டிலிருந்து எடுத்த தட்டச்சு நகல் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஜன்னலுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் நானே படித்தேன். இரண்டிலும் ஒரே கப்பல், ஒரே நாள், பக்கம் 118. அவருடைய நகலில் தந்தையின் பெயருக்கு எதிரே, "உடன் வந்த மனைவி" என்ற இடத்தில் என் தாயின் பெயர் இருந்தது. என்னுடைய நகலில் "உடன் வந்த கணவர்" என்ற இடத்தில் என் மாமனாரின் பெயர். மூன்று முறை படித்தேன். என் கணவர்தான் முதலில் சிரித்தார். "வழக்கு டிரா. ஒரே நேரத்துல இறங்கியிருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பாவ அம்போன்னு விட்டுட்டு உங்கம்மா வேற ஆளக் கட்டிக்கிட்டாங்களே" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், எங்கள் தாள்களைத் திரும்ப வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எழுத்தர், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அப்போ நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்டார்.

4. செப்டம்பரில் வந்த மறுப்புக் கடிதம் அதையே அலுவலக மொழியில் சொன்னது. "மனுதாரர்கள் இருவரும் ஒரே தம்பதியின் பிள்ளைகள் எனப் பதிவேட்டிலிருந்து தெரிகிறது. இது அவர்களது திருமணச் சான்றுக்கு முரணாக உள்ளது. முரண் தீரும்வரை மேற்படி பக்கம் முத்திரையிட்டு வைக்கப்படும்." இந்த விஷயம் எங்களுக்கு முன்னால் மாடி ஏறிவிட்டது. இரண்டாம் மாடி பல்பு வியாபாரி என்னைப் படிக்கட்டில் பார்த்து, "என்னக்கா, அண்ணன் சவுக்கியமா?" என்று கேட்டார். நான் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை; அவருக்குத் தக்கபடி கொடுத்தேன். ஆனால் என் கணவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவருக்கு இடது கண் போய் இரண்டு வருடமாகிறது. வெளியே போனால் என் தோளில் கை வைத்துத்தான் நடப்பார். எழுத்தர் கேட்ட அன்று மாலையிலிருந்து ஒரு வாரம், சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பாக்கறவங்க ஏதாவது சொல்லுவாங்க" என்றார். ஐயா, மற்றதையெல்லாம் மறந்துவிடுவேன். அந்த ஒரு வாரத்தை மறக்க மாட்டேன்.

5. இனி உண்மையை எழுதுகிறேன். தங்கள் அலுவலக நடைக்கூடத்தில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, பழைய அறிவிப்பு ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அழகுக்காக மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான்காம் ஜன்னலில் காத்திருந்து காத்திருந்து எனக்கு அது மனப்பாடம். தனியாக வரும் பெண்ணைக் கரையிறக்கக் கூடாது, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதில் முதல் வரி. தனியாக வரும் ஆணுக்குக் கொட்டகை, மனைவியோடு வருபவருக்குத் தனி அறை என்பது இரண்டாவது வரி. ஆகவே நடந்தது இதுதான். கரையில் நின்ற வரிசையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அடுத்தடுத்து நின்றார்கள். கணவன் மனைவி என்று எழுதிக் கொடுத்தார்கள். என் தாய் பொய் சொன்னார். என் மாமனாரும் பொய் சொன்னார். அவர்களுக்காக நான் இதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். இருவருமே இப்போது இல்லை. யாரையும் எந்தக் கப்பலிலும் திருப்பி அனுப்ப முடியாது.

6. சான்று வேண்டுமென்றால் மூன்று தாள்களை இணைத்திருக்கிறேன். வந்து இறங்கிய எட்டாம் மாதம் என் தாய்க்கும் என் தந்தைக்கும் நடந்த திருமணத்தின் பதிவு முதல் தாள். நான்கு வருடம் கழித்து என் மாமனார் என் மாமியாரைத் திருமணம் செய்த பதிவு இரண்டாவது. இரண்டிலும் "இதற்கு முன் மணமாகாதவர்" என்றே இருக்கிறது. மூன்றாவது தாளில் எங்கள் இருவரின் பிறப்புப் பதிவுகள். அவருக்கு வேறு தாய் தந்தை, எனக்கு வேறு தாய் தந்தை. மூன்றிலும் உள்ளது தங்கள் துறையின் முத்திரைதான். தங்கள் முத்திரையைத் தாங்களே நம்பாவிட்டால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

7. இதைத் தாளில் காட்ட முடியாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரன் வந்தபோது என் மாமனார் பெண் பார்க்கக்கூட வரவில்லை. என் தாயின் பெயரைக் கேட்டதும், "அவங்க பொண்ணா? அப்போ சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திருமணத்தன்று கூடத்தில் அவ்வளவு கூட்டம். என் மாமனார் அந்தக் கோடியிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரோரமாக நின்ற என் தாயின் முன்னால் போட்டு, "உக்காருங்க, ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றார். என் தாய் சிரித்தார். சிரித்து, சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணை அனுப்பப் போகிற துக்கம் என்று எல்லோரும் தேற்றினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றார்களோ தெரியவில்லை. கேட்டிருக்கலாம். அவர்கள் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை.

8. இப்போது முக்கியமான விஷயம். தட்டச்சு நகலில், "புறப்பட்ட ஊர்" என்ற இடத்தில், இருவருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் உள்ளது: "எழுத்து படிக்க இயலவில்லை." தங்கள் தட்டச்சருக்கு இயலாமல் இருக்கலாம். என் கணவர் முப்பத்து மூன்று வருடம் அஞ்சல் பிரிக்கும் கூடத்தில் இருந்தவர். அவருக்கு அங்கே "பூதக்கண்ணாடி" என்றுதான் பெயர். யாராலும் படிக்க முடியாத முகவரி எல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். ஒரு முறை மழையில் முழுக்கக் கரைந்துபோன உறை ஒன்றில் வெறும் வளைவு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை வைத்தே தெருவைச் சொன்னார். கடிதம் போய்ச் சேர்ந்து நன்றி எழுதி ஓர் அட்டை வந்தது. அது இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஊரார் வீட்டு ஊர்ப் பெயரை எல்லாம் படித்த மனிதர் ஐயா அவர். தன் அப்பாவின் ஊர்ப் பெயரைத் தானே படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். "ஒரு தடவ காட்டச் சொல்லு, அன்னிக்குப் பதிவேடு எழுதினவர் கை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தா போதும்" என்று தினமும் சொல்கிறார்.

9. வலது கண்ணிலும் அழுத்த நோய் முற்றிவிட்டது. இப்போதே குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் தெரிகிறது என்கிறார். இன்னும் நாலைந்து மாதம் என்று கண் மருத்துவர் ஜனவரியில் சொன்னார். இன்று மார்ச் ஒன்பது. தங்களுக்கு நாங்கள் நினைவூட்டிய மூன்று கடிதங்களும் பதிலில்லாமல் கிடக்கின்றன.

10. அந்த ஊருக்கு நாங்கள் போகப் போவதில்லை. உரிமை கேட்கவோ, நிலம் கேட்கவோ எங்களுக்கு எண்ணம் இல்லை. அந்த ஊர் இருக்கிறதா என்பதே தெரியாது. இருவரும் ஒரே ஊரா, அல்லது வரிசையில் என் மாமனார் சொன்ன ஊரையே என் தாயும் தன் ஊர் என்று சொல்லிவிட்டாரா என்பதும் தெரியாது. ஆனாலும் ஏங்குகிறது. எனக்கு அறுபத்து மூன்று வயது. என் கணவர் கண்ணயரும் பகல் வேளையில் அந்த நகலை எடுத்து, "ஒட்டப்பட்ட புகைப்படம்: ஒன்று. இருவரும் சேர்ந்து" என்ற வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் தாயை நாற்பது வயதுக்கு முன்னால் எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. என் மாமனாருக்கு இருப்பது வேலையிடத்து அடையாள அட்டைப் படம் ஒன்று. அதிலும் துளையிடும் கருவி ஒரு காதைத் தின்றுவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே இளவயதுப் படம் தங்கள் அலமாரியில், முத்திரைக்குள் இருக்கிறது.

ஆகவே தங்களை மிகவும் வேண்டிக் கேட்பது:

(அ) எங்கள் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே விண்ணப்பமாகச் சேர்த்து, 118-ஆம் பக்கத்தின் முத்திரையை நீக்க வேண்டும். நாங்கள் அண்ணன் தங்கை இல்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால், பல்பு வியாபாரியின் கடையில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

(ஆ) காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், வாசிப்பறையின் ஜன்னலோர மேசையில், என் கணவருக்குப் பதினைந்து நிமிடம் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். அந்த நேரத்து வெளிச்சத்தில்தான் அவருக்கு ஓரளவு தெரிகிறது. லென்ஸ் அவரே கொண்டுவருவார். பக்கத்தைத் தொட மாட்டோம். படித்துப் பார்த்து அவராலும் முடியவில்லை என்றால், நாங்கள் இருவரும் எழுந்து வந்துவிடுவோம். பிறகு தங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

(இ) மேலே கேட்டதற்குத் தாங்கள் அனுமதி தரும்போது அவர் கண்ணுக்கு நேரம் கடந்திருந்தால், இன்னோர் அனுமதியும் சேர்த்துத் தர வேண்டும். வாசிப்பறையின் கதவில் "பேசக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் நான் பேச வேண்டியிருக்கும். எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே மை தீர்ந்து மங்குகிறது என்று ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் உள்ளங்கையில் என் விரலால் வரைந்து காட்ட வேண்டும். அதிலிருந்தே அவர் படித்துவிடுவார் என்று நம்புகிறேன். பிறகு படத்தைச் சொல்ல வேண்டும். அவர் அப்பா எப்படி நிற்கிறார், என் அம்மா எந்தப் பக்கம் பார்க்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். என் குரல் கொஞ்சம் பெரிது என்பது நான்காம் ஜன்னலில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மெதுவாகப் பேசுவேன்.

நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலகத்தின் நான்காம் ஜன்னலுக்கு எதிரே உள்ள பெஞ்சு

தங்கள் பதிலுக்காக இங்கேயே காத்திருக்கும்,

(கையொப்பம்)
விண்ணப்ப எண் 213

(கையொப்பம்)
விண்ணப்ப எண் 212

இணைப்பு: மேலே சொன்ன தாள்கள் மூன்று.

குறிப்பு: என் கணவரின் கையொப்பம் கோட்டை விட்டு மேலே போய், என் கையொப்பத்தின் மேலேயே ஏறியிருப்பதைத் தாங்கள் பார்க்கலாம். கோடு இருக்கும் இடத்தை நான் விரல் வைத்துக் காட்டித்தான் போட்டார். விண்ணப்பத்தில் உள்ள பழைய கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்று, தயவுசெய்து, இதையும் முரண் என்று எழுதிவிடாதீர்கள்.