பதில் சொல்லும் கடல்

ஜூன் 4

மாப்ள,

நலமா இருக்கியான்னு கேக்க மாட்டேன். இல்லைன்னு தெரியும். போன் அடிச்சா எடுக்கறதில்ல, அதான் பேப்பரும் பேனாவும். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோ.

பிப்ரவரியில என் தங்கச்சி நம்மை விட்டுட்டுப் போனதுல இருந்து அம்மா தினமும் உன்னைத்தான் கேக்கறாங்க. "அந்தப் பிள்ளை சமைக்கறாரா, இல்ல காப்பியிலயே காலத்தை ஓட்டறாரா?" நான் "வேளாவேளைக்குச் சாப்பிடறார்"னு பொய் சொல்றேன். சீக்கிரம் அதை உண்மையாக்கு.

விஷயத்துக்கு வரேன். உங்க வானிலை ஆபீஸ்ல இருந்து வந்த மழை முன்னறிவிப்புல, எங்க பக்கம் இந்தப் பருவத்துல மழை பாதிதான்னு போட்டிருக்கு. அணையில இருக்கறதோ கொஞ்சம் தண்ணி. அதை டவுனுக்குக் குடிக்க வெச்சுக்கிட்டு கால்வாயை மூடிடலாம்னு அணைக் கமிட்டி பேசுது. மாசக் கடைசில முடிவு. மூடினா, கீழ இருக்கற வயல் எதுலயும் இந்த வருஷம் விதை விழாது. திறந்துவிட்டு மழையும் ஏமாத்திட்டா, டவுனுக்கு நாக்கு வறண்டுடும், எனக்கு வேலை போயிடும். அணையோட இன்ஜினியர்ங்கறதால கையெழுத்து என்னோடது.

சொல்லு, உங்க கம்ப்யூட்டரை நம்பலாமா?

உன் மச்சான்


ஜூன் 9

அன்புள்ள மச்சானுக்கு,

லெட்டர் கிடைச்சது. சாப்பிடறேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க.

அந்தக் கணக்கை ஓட்டினது நான்தான். வழக்கமா பண்ற முறை. கடல் எந்த இடத்துல எவ்வளவு சூடா இருக்குன்னு அளந்து, அதை அப்படியே கம்ப்யூட்டர் மாடல்ல ஒட்டிடுவோம், பருவம் பூரா அது மாறாது. மேல இருக்கற காத்து, மேகம், மழை இதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சூடான கடல் மேல காத்து ஏறும், மேகம் கூடும், மழை கொட்டும். ஏறின காத்து வேற எங்கயாவது இறங்கியாகணும். இறங்கற இடம் காயும். இந்தத் தடவை மழை கடல் மேலயே விழுது. காத்து உங்க பக்கம் இறங்குது. அதான் பாதி.

நம்பலாமான்னு கேட்டீங்க. தெரியல. எல்லா மாடல்லயும் தப்பு உண்டு.

வேற எழுதத் தோணல.

மாப்பிள்ளை


ஜூன் 13

மாப்ள,

உன் லெட்டரைப் படிச்சேன். கரண்ட் பில்லுல கூட இதைவிடப் பாசம் அதிகம்.

"தெரியல"ன்னா என்ன அர்த்தம்? இதை நீ என் தங்கச்சிகிட்ட சொல்லியிருந்தா, "தெரிஞ்சுக்கிட்டு வந்து சாப்பிட உக்காருங்க"ன்னு தட்டைத் தூக்கி உள்ள வெச்சிருப்பா. அந்த வாயாடி இல்லாத குறைக்கு நான் கேக்கறேன்.

கால்வாய்க் கடைசில டிராக்டர் ஓட்டற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. தினமும் காலைல ஆபீஸ் வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, "சார், உழலாமா வேணாமா? ஒரே வார்த்தை"ங்கறாங்க. என் மாப்ளைகிட்ட கேட்டிருக்கேன்னு சொன்னேன். "அவ்வளவு பெரிய படிப்பு, மழை வருமான்னு மட்டும் சொல்லாதா?"ன்னு கேட்டாங்க.

உனக்கு ஆறுதல் சொல்ல இதை எழுதல மாப்ள. எனக்கு நிஜமாவே பதில் வேணும்.

உன் மச்சான்


ஜூன் 21

அன்புள்ள மச்சானுக்கு,

உங்க டிராக்டர்கார அக்காவுக்குப் பதில் சொல்லணுமேன்னு மாடல் போட்ட மழைப் படத்தை மறுபடி எடுத்துப் பாத்தேன். பருவம் பூரா கடல்ல ஒரே இடத்துல கருமேகம் நிக்குது. அதுக்குக் கீழ கடல் சூடு துளி குறையல. எப்படிக் குறையும்? குறையாதபடி நாங்கதானே ஒட்டி வெச்சிருக்கோம்!

நிஜத்துல மேகம் வெயிலை மறைக்கும். காத்து நீராவியை அள்ளிக்கிட்டுப் போகும். கடல் குளிரும். குளிர்ந்த கடல் மேல மேகம் நிக்காது, நகரும். நகர்ந்தா எங்க வரும்? உங்க மலைக்கு.

கடலையும் காத்தையும் சேத்து ஓட்டற முறையும் எங்ககிட்ட இருக்கு. காத்து ஏதாவது பண்ணினா கடல் பதில் சொல்லும். ஆனா ஆமை மாதிரி ஓடும், பாதில படுத்துக்கும், கூடவே உக்காந்து எழுப்பணும். அதனால பருவ அவசரத்துல யாரும் தொடறதில்ல. நான் தொட்டேன். மலை ஒழுங்கா தெரியற மாதிரி உங்க பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சேன். ஆரம்ப அளவைத் துளித்துளி மாத்தி இருபது தடவை ஓட்டினேன். பதினாறுல நல்ல மழை. பழைய வருஷங்களையும் போட்டுப் பாத்தேன். ஒட்டின கடல் கோட்டை விட்ட வருஷங்கள்ல பெரும்பாலும் இது பிடிச்சிருக்கு.

முதல் படம் வந்ததும் அவகிட்ட சொல்லணும்னு சட்டுனு திரும்பினேன். பக்கத்து சீட் அக்கவுண்டன்ட், "என்ன சார்?"ன்னார். அவர்கிட்ட பூரா சொன்னேன். ஒண்ணும் புரியல அவருக்கு. ஆனா எழுந்து கை குடுத்தார்.

டைரக்டர் குடுக்கல. "வெளிய போன முன்னறிவிப்பை மாத்தினா நம்ம பேரு என்னாகும்? நீங்க கொஞ்ச நாள் லீவு போடுங்க"ன்னார். "லீவு போட்டா வீட்ல யாரும் இல்ல சார். தப்புன்னா எங்க தப்புன்னு காட்டுங்க"ன்னேன். ரெண்டு நாள் தேடினார். இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். கமிட்டிக்குத் திருத்தம் வருது.

மச்சான், இருபதுல நாலு வறட்சியும் சொல்லுது. அதையும் மறைக்கக் கூடாது. நான் உங்க இடத்துல இருந்தா திறப்பேன்.

மாப்பிள்ளை


ஜூலை 1

மாப்ள,

திறந்தாச்சு!

கமிட்டித் தலைவர் உன் திருத்தத்தைத் தூக்கிக் காட்டி, "ஒரே ஆபீஸ், மே மாசம் ஒரு பேச்சு, ஜூன்ல ஒரு பேச்சா?"ன்னார். பழைய வருஷக் கணக்கை மேஜை மேல விரிச்சேன். "மே மாசப் பேச்சு இத்தனை தடவை நம்மை ஏமாத்தியிருக்கு சார், இதைப் பாருங்க"ன்னேன். அந்த நாலு வறட்சியையும் சொன்னேன். அதைச் சொன்னதும்தான் நம்பினாங்க, வேடிக்கையா இல்ல? டவுனுக்கு ஒரு பங்கை நிறுத்திட்டு மிச்சத்தை என் பொறுப்புல திறக்கலாம்னு எழுதிக் குடுத்தாங்க.

தண்ணி போன வழியெல்லாம் டிராக்டர் சத்தம். அம்மா மட்டும், "மாப்பிள்ளை சொன்னாரா? அப்ப சரி"ன்னுட்டு தூங்கப் போயிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரல.

உன் மச்சான்


ஜூலை 24

அன்புள்ள மச்சானுக்கு,

இன்னும் ஒரு தூறல் கூட இல்லைன்னு தெரியும். உங்களை டீக்கடையில என்ன பேசறாங்கன்னும் ஊகிக்க முடியுது. கமிட்டி மறுபடி கூடி மூடச் சொல்லுதாமே.

மூடாதீங்க. சாட்டிலைட் படத்தைத் தினமும் பாக்கறேன். கடல் மேல மேகம் நின்னுச்சு. இப்ப அதுக்குக் கீழ கடல் குளிர ஆரம்பிச்சிருக்கு. நிஜக் கடல், மச்சான். கம்ப்யூட்டர்ல இல்ல. மாடல்ல இதுக்கு அப்புறம்தான் மேகம் கிளம்புச்சு. ரெண்டு வாரம் தாங்குங்க. கமிட்டிக்கு இதையே என் பேர் போட்டு எழுதியிருக்கேன். திட்டணும்னா என்னைத் திட்டட்டும்.

நேத்துல இருந்து நகம் கடிக்கறேன். பிப்ரவரிக்கு அப்புறம் எதுக்கும் பயந்ததில்ல. இப்ப பயமா இருக்கு. பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 9

என் தங்க மாப்ள!

கொட்டுது! இதை அணை மேல இருக்கற கேபின்ல உக்காந்து எழுதறேன், எதிர் மலை தெரியல. ஒழுகற தண்ணியில மை கலைஞ்சா அது உன் தப்பு, நீ கூப்பிட்ட மழை.

நாலு நாளா விட்டு விட்டுப் பெய்யுது. நீ சொன்ன மாதிரியே மேகம் கடலை விட்டுக் கிளம்பி இங்க வந்துடுச்சு. அணை பாதியைத் தாண்டிடுச்சு. கமிட்டி சொல்லியும் கால்வாயை நான் மூடல, கீழ நாத்து நிமிர்ந்து நிக்குது. டிராக்டர்கார அக்கா மழையிலயே வண்டியில வந்து, "உங்க மாப்ளை படிப்பு பேசிடுச்சு சார்!"னு கத்திட்டுப் போனாங்க. கமிட்டித் தலைவர் போன் பண்ணி, "நம்ம எல்லாரும் சேந்து எடுத்த முடிவு"ங்கறார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடிச்சுக்கிட்டு, "ஆமா சார், நம்ம முடிவு"ன்னேன்.

அம்மா வாசல்ல நின்னு நனைஞ்சாங்க. திட்டினேன், கேக்கல. "என் பொண்ணு இருந்தா உள்ள இருப்பாளாடா?"ன்னாங்க.

உன் மச்சான்


செப்டம்பர் 18

மச்சான்,

உங்க லெட்டரைப் போன மாசமே ஆபீஸ் படிக்கட்டுல உக்காந்து படிச்சேன். அத்தை நனைஞ்ச இடம் வந்ததும் அழுதுட்டேன். அவ போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில வராத அழுகை. மேல போறவங்க எல்லாரும் சுத்திக்கிட்டுப் போனாங்க. அக்கவுண்டன்ட் மட்டும் பக்கத்துல உக்காந்துட்டார். முகத்தைக் கழுவிட்டு மேல போனா, டைரக்டர் அறைக் கதவுல புது உத்தரவு ஒட்டியிருந்துச்சு: இனிமே எல்லாப் பருவத்துக்கும் கடலும் காத்தும் சேந்தேதான் ஓடணும். பாதில படுத்தா எழுப்ப மூணு பேரை என்கூடப் போட்டிருக்காங்க. ஜெயிச்சுட்டோம் மச்சான். இதைச் சத்தமா சொல்லிப் பாத்தேன், நல்லா இருந்துச்சு.

அடுத்த பருவத்துக் கணக்கு இன்னிக்குக் காலைல முடிஞ்சது. இருபதுல பதினெட்டு, மழை குறைவுங்குது. பழைய வருஷங்களோடயும் ஒத்துப் போகுது. அணை நிரம்பியிருக்கறதைப் பாத்துட்டு எல்லாரும் திறன்னுதான் சொல்வாங்க. இந்தத் தடவை தண்ணியைப் பிடிச்சு வைங்க. கம்மித் தண்ணியில விளையறதை விதைக்கச் சொல்லி இப்பவே சொல்லிட்டா யாருக்கும் நஷ்டமில்ல.

கமிட்டியில உங்களைத் தனியா நிக்க விட மாட்டேன். சனிக்கிழமை பஸ்ல வரேன், படத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு. முதல்ல டிராக்டர்கார அக்காகிட்டதான் போறோம். வராத மழையையும் என் வாயாலயே சொல்லிடறேன், அப்புறம் அவங்க என்ன திட்டினாலும் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு.

உங்க மாப்ள