கட்டையனுக்கு நான் எழுதிய வசனம்

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் சொல்லி உங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அது வருகுதில்லை. நீங்கள் போய் நாலு வருசம். சண்டையில் நாங்கள் விட்டு வந்த மயிலிட்டிக்கு இன்னும் ஒருவரும் திரும்பவில்லை. நானும் மகளும் மானிப்பாயில் அதே வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறோம்.

போன கிழமை உங்கடை அண்ணை வந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, அச்சுக்கூடக்காரர். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்த உங்களுக்கு வேலை தந்தவர். கடல்வேந்தன் படக்கதைக்கு அவர் வசனம், நீங்கள் படம். கடல்வேந்தனை அவர் தன்னைப் போலவே கீறச் சொன்னார். பின்னால் லாம்பு தூக்கிக்கொண்டு ஓடுகிற கட்டையன் ஆர் என்று எனக்குத் தெரியாதா?

கதை முழுவதையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடப்போகிறாராம். நீங்கள் கீறி வைத்த கடைசிக் கொப்பி வேணுமாம்.

"தங்கச்சி, முடிவிலை கட்டையன் கடல்வேந்தனுக்காக உயிரை விடுறான். சனம் அழும். முன்பக்கத்திலை உன்ரை மனுசன்ரை பேரும் போடுறன்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை. கடையில் சீனி இல்லை, இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

முதல் புத்தகத்தில் கட்டையன் சனம் சிரிக்கவென்று வைத்த ஆள். கடல்வேந்தன் வள்ளத்திலிருந்து பாய்வான், இவன் வழுக்கி விழுவான். எதற்கும் தலையாட்டிக்கொண்டு அவன் சொல்வது இரண்டு சொல்தான்: "ஓம் அண்ணை." பிறகு நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவனை மாற்றினீர்கள். தொப்பை வண்டியைக் குறைத்தீர்கள். நீந்தப் பழக்கினீர்கள். நீரோட்டம் பார்க்கத் தெரிந்தவன் ஆக்கினீர்கள். ஒருமுறை கடல்வேந்தன் வலையில் சிக்க, கட்டையன்தான் அறுத்து எடுத்தான். பெடியள் இப்போது கட்டையனைத்தான் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னபோது உங்கடை அண்ணையின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அடுத்த புத்தகத்தில் கட்டையனைத் திரும்பவும் வழுக்கி விழப்பண்ணினார்.

"உவனுக்கு வீடுவாசல் இல்லையோ? எத்தினை வருசமாய் ஆரோ ஒருத்தன்ரை லாம்பைத் தூக்கிக்கொண்டு திரியிறான்" என்று கேட்டது நான்தான்.

"உமக்கு அவனிலை இரக்கமோ, என்னிலை எரிச்சலோ?" என்று சிரித்தீர்கள். அடுத்த புத்தகத்தில் ஒரு மூலையில் வாசல், வாசலில் ஒரு பொம்பிளை. மூக்கு என்ரை மூக்கு.

கடைசிக் கொப்பியை இடம்பெயர்ந்து வந்து இந்த விறாந்தையில் இருந்து கீறினீர்கள். கடைசிப் பக்கத்தில் கடல்வேந்தன் வள்ளத்தில் நின்று கை நீட்டுகிறான். கட்டையன் கரையில் நிற்கிறான். லாம்பை மண்ணில் வைத்துவிட்டான். முகம் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. வாய்க்கு மேலே பேச்சு எழுதுகிற வட்டம் மட்டும் வெறுமையாய் இருந்தது.

"என்ன சொல்லுறான்?"

"இந்தமுறை போகமாட்டான்."

"அதை எழுதுங்கோவன்."

"வசனம் அண்ணையின்ரை வேலை."

மூன்றாம் நாள் அவர் சைக்கிளில் வந்து படலையில் நின்றார். மயிலிட்டியில் விட்டு வந்த அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துப் பெட்டி இரண்டு கிடக்கிறதாம். "ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்திடுவம், வா." நான் உங்கடை சேட்டு நுனியைப் பிடித்தேன். என் கையை மெல்ல எடுத்துவிட்டு நீங்கள் சொன்னது, "ஓம் அண்ணை."

ஷெல் விழுந்தபோது பெட்டி உங்கள் தோளில் இருந்ததாம். அவர் சந்தியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அவரே சொன்னது. படத்தில் கடல்வேந்தன் ஒருநாளும் பின்னுக்கு நின்றதில்லை.

ஏழு வருசமாய்க் கட்டையனுக்குப் பழக்கியதை நீங்கள் ஏன் பழகவில்லை? அவரை ஏசத்தான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத உங்களில்தான் கோபம் வருகிறது. கூப்பிட்டது அவர். போனது நீங்கள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நேற்று மகளின் பேனையை வாங்கி அந்த வட்டத்துக்குள் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எழுத்து வட்டத்துக்கு வெளியிலை போகுது."

"போகட்டும்."

"அப்பா கீறினதைப் பழுதாக்கிப்போட்டியள்."

"இல்லையடி. அப்பா மிச்சம் விட்டதை முடிச்சிருக்கிறன்."

நாளைக்கு உங்கடை அண்ணை வருவார். அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவேன். ஒரு சொல்லும் மாற்றாமல் போடுகிறதென்றால் கொண்டுபோகட்டும். இல்லையென்றால் கொப்பி என் சீலைகளுக்கு அடியில் கிடக்கும். கட்டையனைச் சாக விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம். "இது ஆற்றை வசனம்?" என்று அவர் கேட்டால், கட்டையன்ரை பெஞ்சாதியின்ரை என்று சொல்லுவேன்.

நீங்களும் வாசியுங்கோ. வட்டத்துக்குள் இருப்பது இவ்வளவுதான்:

"நான் வரேல்லை அண்ணை. வீட்டிலை பார்த்துக்கொண்டு நிக்கினம்."

வாசலில் நிற்கிற
உங்கடை பெஞ்சாதி,
புவனம்