‘முங்கு’ என்று கத்தியவள்

ஜூலை 9, புதன்
விடாத மழை. நல்லேப்பிள்ளியிலிருந்து பஸ் இல்லை. ரேவதியின் ஸ்கூட்டரில்தான் நீச்சல் குளம். இன்று தடை நீச்சல். தண்ணீருக்குள் தொங்கும் வலைக்கு அடியில் முங்கி, தாண்டியதும் தலை தூக்க வேண்டும். ஒருத்தி நீந்த, இன்னொருத்தி கரையில் ஓடி வலைக்கு வலை “முங்கு!” என்று கத்துவது எங்கள் பயிற்சியாளர் மாஷின் ஏற்பாடு. நீந்துகிறவள் முன்னால் பார்க்கவே கூடாது, வேகம் போய்விடுமாம்.

கடைசிச் சுற்றில் நானும் ரேவதியும் ஒன்றாக. வலைக்கடியில் அவள் உதை என் வாயில். உதடு கிழிந்து இரண்டு தையல். வேண்டுமென்றேதான். நானும் விலாவில் இடித்தேன். மாநிலப் போட்டிக்கு எங்களில் ஒருத்திதான். மாஷ் சிரிக்கிறார், “ரெண்டு பேரும் கொன்னுக்காம இருந்தாச் சரி.”

ஜூலை 10, வியாழன்
மழை. உதடு இட்லி மாதிரி. அவளை நினைத்தாலே பல்லைக் கடிக்கிறேன், அதுவும் வலிக்கிறது.
வாங்க: பஞ்சு, உப்பு, ஷாம்பு.

ஜூலை 11, வெள்ளி
மதியம் ஊர் ஆற்றில், எங்கள் புழையில், வெள்ளம். ரேவதி வீட்டுக் கன்றை அடித்துக்கொண்டு போனது, பின்னாலேயே குதித்துவிட்டாள். நான் கரையோடு ஓடினேன். எதிரே ஆற்றில் சாய்ந்து கிடந்த புளியமரம். அவள் அதன் மேலே தாவி ஏறியிருக்க வேண்டும். அடியில் போனால் கிளைகளில் சிக்கிச் சாவுதான். நான் கத்தியது “முங்கு!” பார்க்காமல் முங்கினாள். எழவில்லை.

குதித்தேன். தண்ணீர் என்னை மரத்தோடு அறைந்தது. கைக்கு அவள் தலைமயிர் கிடைத்தது. இழுத்ததும் என் கழுத்தை நெரித்தாள். மூக்கில் குத்தினேன், இரண்டு முறை. எலும்பு உடைந்தது விரலில் தெரிந்தது. பிடி தளர்ந்தது. கிளையை மிதித்து ஒடித்து, இழுத்து... கரையில் தண்ணீரும் ரத்தமுமாகக் கக்கினாள். ஒரு கால் எங்கேயோ திரும்பிக் கிடந்தது. கன்று போச்சு.

ஜூலை 12, சனி
ஆஸ்பத்திரி. அவளுக்குத் தொடை எலும்பு முறிவு. மாஷ் என் முதுகில் தட்டினார். “இனி மாநிலத்துக்கு நீதான்.”
அவள் அம்மா என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீ மட்டும் இல்லீன்னா எம்புள்ள எனக்கில்ல கண்ணு.”
பழக்கத்தில்தான் ‘முங்கு’ என்று கத்தினேன், சத்தியமாக. பிறகு ஏன் அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை? வெட்கங்கெட்டவள்.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். “முங்குன்னு கத்துனது நாந்தானுங்க.”
அவள் அம்மா அறைந்தார். தையல் பிரிந்தது.
“உடும்மா,” என்றாள் ரேவதி, மூக்குக் கட்டோடு. “உன்ற சத்தம் கேட்டுத்தான் முங்குனேன் புள்ள. நெசமா மறந்துதான் கத்துனயா?”
ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.
“நாளைக்கு வராத.”