கல் பொறுக்கிய கை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

சென்ற வாரம் நான் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனைக்கு வயதான பெண்நாய் ஒன்று வந்தது. அடிவயிற்றில், பால்காம்பை ஒட்டி எலுமிச்சை அளவு புற்றுக்கட்டி. அறுவைக்காக முடியை மழித்தபோது, தொடை இடுக்கில் பட்டாணி போல ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கட்டியிலருந்து கிளம்புற செல்லு முதல்ல இந்த நெறிக்கட்டுலதான் வந்து தங்கும். விட்டா நுரையீரலுக்குப் போயிடும். இவ்வளவு சின்னது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அரிசியில கல்லு பொறுக்கின கை, டாக்டர். அவசரமாப் பொறுக்கினா எங்கம்மா திரும்பவும் முதல்லருந்து பொறுக்கச் சொல்வாங்க.”

இரண்டையும் எடுத்துவிட்டார். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. நேற்று வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த நாய் என் கையை நக்கியது. அந்த நன்றி உங்களுக்குச் சேர வேண்டியது, அம்மா.

போன மாதம் ஃபோனில், அக்குளில் ஏதோ உருளுகிறது, தானாகப் போய்விடும் என்றீர்களே. திங்கட்கிழமையே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கூண்டு கழுவக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். நானே தொட்டுப் பார்த்துவிடுவேன். இங்கிருந்துதான் கை எட்டவில்லை.

உங்கள் சின்னவள்