வைனுக்கு ஒரு குளிர் அறை

என் உயிரான சேவியர் அண்ணனுக்கு,

உன்னைக் கொன்றது வெக்கை. தாராவி முழுக்க மாரடைப்பு என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். மே மாதம், தகரக் கூரை, பிளாஸ்டிக் உருக்கும் இயந்திரம், பட்டறையில் இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்து அடுக்கிய மூட்டைகள். முப்பதைத் தொடாதவனின் இதயம் சும்மாவா நிற்கும்?

நான் இப்போது மாஹிமில் ஒரு ரெஸ்டாரன்டில் பரிமாறுகிறேன். நேற்று எங்களுக்கு வைன் ருசிக்கப் பயிற்சி. கஸ்டமர் கேட்டால் விவரம் சொல்ல வேண்டுமாம். நாசிக் பக்கத்துச் சிவப்பு வைன். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிறது, அவ்வளவு மெல்லிய சிவப்பு. முதலில் நாவல்பழத் துவர்ப்பு, பின்னாலேயே நாக்கின் ஓரத்தில் சுரீரென்று ஒரு புளிப்பு. கனமே இல்லை. மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தபடி ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்பினார்கள். நான் விழுங்கிவிட்டேன்.

"இதை ஐஸ்ல வெச்சுட்டுத்தான் ஊத்தணும்" என்றார் பயிற்சி தந்தவர். "சிவப்பு வைன்னா ரூம் டெம்பரேச்சர்லதான் ஊத்தணும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது குளிர் தேசத்து ரூம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நாம் ஜாடியில் போடும் திராட்சை வைனை நீ மீன்காரம்மாவின் ஐஸ் பெட்டிக்குள் செருகி வைப்பாயே!

"ஏல, இது என்ன கோலி சோடாவா? ஒன் வைன்ல வஞ்சிர வாசம்லா அடிக்கி" என்று அப்பா கத்துவார்.

"நம்ம வீட்டுச் சூட்டுல இது கசாயம்ப்பா. ஏட்டி ஸ்டெல்லா, நீ குடிச்சிட்டுச் சொல்லு" என்பாய்.

நீ செய்ததுதான் சரி. அதைச் சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்பா ஊருக்கே போய்விட்டார். போன கிறிஸ்துமஸுக்கு நான் ஜாடி போடவில்லை. ஒருத்திக்கு எதற்கு ஜாடி?

நேற்று ருசித்த அந்த நாசிக் வைனுக்கான திராட்சையை வெயில் ஏறும் முன்பே பறித்து, நேராகக் குளிர் அறைக்குக் கொண்டுபோவார்களாம். சூடு பட்டால் கெட்டுவிடுமாம். பழத்துக்காக இத்தனை பேர் பதறுகிறார்கள். உனக்காக யார் பதறினார்கள்?

இன்று பூசை முடிந்ததும் பட்டறைக்குப் போனேன். உன் இயந்திரத்தில் வேறொருவர், பீகார்க்காரர். பனியனைப் பிழிந்து மாட்டியிருந்தார். ஜன்னலை மறைத்து அதே மூட்டைகள். உன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த முதலாளி மாமா நாற்காலி போட்டார்.

"ஆண்டவர் கூப்பிட்டா நாம என்ன பிள்ள செய்ய முடியும்?"

"மூட்டைய எடுக்க முடியும் மாமா. மே மறுபடி வருது."

அவர் மொபைலைப் பார்க்க ஆரம்பித்தார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியைத் தொடவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜாடி போடுவேன், அண்ணா. ஐஸ் பெட்டியில்தான் வைப்பேன். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாசலில் நின்று, இன்று கேட்டதையே கேட்பேன்.

ஜன்னலத் தொறங்க மாமா.

உன் ஒரே தங்கச்சி,
ஸ்டெல்லா