ஓணானின் தொண்டையில் வெயில்

அன்பு மகள் நிமலினிக்கு,

எழுத்துகள் கோணலாகக் கிடப்பதற்குக் கோபிக்காதே. தனியாக நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ பழக்கிய எழுத்தெல்லாம் வருகிறது! உன் பெயரை எழுதியதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உன் கமராவில் இருந்த கடைசிப் படத்தையும் பார்த்தோம். நம் கல்வேலியில் ஓணான் ஒன்று தொண்டையை விரித்து நிற்கிறது. பின்னால் அடிக்கும் வெயிலில் அந்தத் தொண்டை விளக்குப் போல எரிகிறது. அந்த வெளிச்சத்துக்கு எதிரே குந்தியிருந்த உனக்கு, கையூன்றிய கல்லிடுக்கில் கிடந்த புடையன் பாம்பு எப்படித் தெரியும்?

“இஞ்சேருங்கோ, அந்தக் கமராவைக் கடலிலை எறியுங்கோ,” என்றாள் அம்மா.

“அவள் வந்து கேட்டால் நீர்தான் மறுமொழி சொல்லவேணும்,” என்றேன். அம்மா அழுதுவிட்டாள்.

பக்கத்து வீட்டு சில்வெஸ்ரர் அண்ணையோடு கோபிக்காதே. விஷம் ஏறாமலிருக்கத்தான் வலை பின்னும் தங்கூசி நூலால் உன் கையை இறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டினால்தான் கை கறுத்தது என்று டொக்டர் சொன்னதிலிருந்து அவர் கடலுக்குப் போகவில்லை.

வலக்கையை எடுக்காவிட்டால் உயிர் தங்காதாம். “கையில்லாமல் என்னெண்டு படம் எடுக்கிறது? ஒப்பம் வைக்கமாட்டன்,” என்றாயாம். ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் இதை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளை, ஒப்பம் வை. எழுத ஏலாவிட்டால் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து வை. இவ்வளவு காலமும் நான் அப்படித்தான் வைத்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுபது வயதில் என் கை எழுதப் பழகியது. உன் இடக்கையும் பழகும்.

அடுத்த கிழமையும் எழுதுவேன். வாசித்துப் பிழை திருத்த நீ இருக்க வேண்டும்.

உன் அப்பா