அதோலத் எழுதிய கடிதங்கள்

மர்கிலான்,
9 நவம்பர் 1942

ரானோவின் அப்பாவுக்கு முனவ்வர் எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருந்தால் போதும். கடவுளிடம் வேறெதுவும் கேட்பதில்லை.

ஆலைக்கூலி கட்டுப்படியாகவில்லை. ஆட்டுக் கொழுப்பு வாங்கிச் சோப்புக் காய்ச்சிச் சந்தையில் விற்கிறேன். "புருஷன் பட்டாளத்துல, பொண்டாட்டி சந்தையிலயா?" என்று பக்கத்துக் கடைக்காரி இழுத்தாள். "உன் புருஷன் வீட்லதானே இருக்கான், அவன் சட்டைக் காலரைப் பாருடி" என்றேன். ஒரு கட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

ஒன்று கேட்கிறேன். போன கடிதத்தில் எனக்கு ஒரே ஒரு வரி. மீதிப் பக்கமெல்லாம் உங்கள் சிநேகிதன் ஹைதர்பெக்கும், அவனுக்கு அவன் மனைவி அதோலத் எழுதியதும். 'வாதுமை மரம் பூத்தது. யாருக்குக் காட்டவென்று கேட்டேன், உதிர்ந்துவிட்டது.' அவன் இதை வாசித்தானாம், பதுங்குகுழிக்குள் இருந்த நீங்கள் அத்தனை பேரும் அழுதீர்களாம். மரத்தோடு பேச அவளுக்கு நேரம் இருக்கிறது. எனக்குக் கொழுப்போடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருக்கிறது.

கோபத்துடன்,
முனவ்வர்


போர்முனை,
20 பிப்ரவரி 1943

அன்புள்ள முனவ்வருக்கு,

கால்விரல் இரண்டு மரத்துப்போனதைத் தவிர நலம். உன் கடிதத்தை ஹைதருக்கும் வாசித்துக் காட்டினேன். "இது கடுதாசியாடா மமத்குல், கடை போர்டா?" என்று சிரித்தான். பிறகு தன்னுடையதை எடுத்தான். 'ராத்திரி கதவைத் தாழிடுவதில்லை. நீ வந்து தட்டி நிற்கும் நேரம்கூட எனக்கு நஷ்டம்' என்று எழுதியிருக்கிறாள். நீயும் அப்படி ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

அதிருக்கட்டும், சோப்பு மூட்டையைச் சந்தைக்கு எவன் சுமந்து வருகிறான்? அதை நீ எழுதவே இல்லை.

மமத்குல்


சூஸ்த்,
14 அக்டோபர் 1945

முனவ்வருக்கு,

பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். நேரே வீட்டுக்கு வராததற்குத் திட்டாதே. போன வருடம் ஹைதர் என் பக்கத்திலேயே செத்தான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவனுடைய கரண்டியையும் இடுப்புத் துணியையும் அதோலத்திடம் கொடுக்க அவன் ஊருக்கு வந்தேன்.

அவன் பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது ஒரு வாய் கடித்து வைத்த ரொட்டி சுவரில் அப்படியே தொங்கியது. அதைத் தேநீரில் ஊறவைத்து என் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க அண்ணே, அவர் கூடவே இருந்தவர்" என்றாள். மறுக்க மனம் வரவில்லை, தின்றுவிட்டேன். கூரை ஒழுகுகிறது. பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மமத்குல்


மர்கிலான்,
16 நவம்பர் 1945

ரானோவின் அப்பாவுக்கு,

புறப்பட்டுப் போகிறவன் கடித்த ரொட்டி அவனுக்காகக் காத்திருக்கும், அவன்தான் வந்து தின்ன வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. அடுத்தவன் ரொட்டியைத் தின்றால் நீங்கள் எந்த வீட்டுக்குத் திரும்பியவர்? நீங்கள் கடித்த ரொட்டி இங்கே எலிக்கு எட்டாமல் தொங்குகிறது. அதைத் தினமும் அண்ணாந்து பார்த்தவள் நான்.

ஒரு மாதமாகவா ஒழுகுகிறது ஒரு கூரை? நான் சந்தையில் உட்கார்ந்து பிழைப்பவள். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கடையில் வாங்குகிறவனின் நடை எனக்குத் தெரியும். பருத்தி லாரியில் வருகிறேன். அவள் முகத்துக்கு நேரே கேட்கப்போகிறேன்.

முனவ்வர்


சூஸ்த்,
28 நவம்பர் 1945

ரானோவின் அப்பாவுக்கு,

நீங்கள் பருத்தி எடுக்கப் போயிருக்கிறீர்கள். லாரி உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் இதை அதோலத்திடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நிம்மதியாக எழுதுகிறேன்.

ஆமாம், இங்கே வந்துதான் அதைத் தெரிந்துகொண்டேன். "வாதுமைப் பூவுன்னு அழுது எழுதி என் புருஷனைப் பிடிச்சுக்கிட்டியேடி!" என்று வாசலிலேயே கத்தினேன். அவள் முழித்தாள். "எனக்கு எழுத வராதேக்கா. வாத்தியார்தான் எழுதுவார். எல்லாரும் நலம், ஆடும் நலம், அவ்ளோதான் எழுதச் சொல்வேன், அதுக்கு மேல அவரும் எழுத மாட்டார்" என்றாள்.

எல்லாம் ஹைதர் தானாக இட்டுக்கட்டி வாசித்தவை. மூன்று வருடமாக நான் மீசை வைத்த ஒரு சிப்பாய்மேல் வயிறெரிந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. அவளுக்கு எழுத வராது என்பது நீங்கள் இங்கே வந்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஹைதரின் அந்த வரிகளே இவளுக்குத் துணையாகிவிடும், உங்களுக்கு இங்கே வேலை இருக்காது. அதுதானே?

நான் சொல்லிவிட்டேன். வயிற்றெரிச்சலில் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். பூவைச் சொன்னேன், தாழிடாத கதவைச் சொன்னேன். "இதெல்லாம் அவரா சொன்னார்? என் வாயால கேக்கணும்னு நெனச்சாரா?" என்று என் மடியில் விழுந்து அழுதாள். "இன்னொரு தரம் சொல்லுக்கா" என்றாள். மறுபடி மறுபடி சொன்னேன். புருஷனைப் பறிக்க வந்தவள் என்று நினைத்த பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இனி அவளுக்குப் பக்கத்தில் ஹைதர் இருக்கிறான். அவனுக்குப் பதிலாக நீங்கள் தேவையில்லை. இதை அவளே சொன்னாள்: "அண்ணனை அனுப்பி வெச்சிடுறேன்க்கா." உங்களிடமும் சொல்வாள், தலை குனியாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருவதானால் வாருங்கள். கதவு தாழிட்டுத்தான் இருக்கும். தட்டுங்கள். ரானோ வந்து "யாரு?" என்று கேட்பாள், நீங்கள் போனபோது அவள் கைக்குழந்தை, உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

முனவ்வர்